376 மீட்டர்

ஜூன் 21, சனி
வேலை போனபின், விசாவில் மிச்சம் 27 நாள். காரை விற்பதைப் பற்றி இவள் பேச்செடுத்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்
"அப்பா, இல்லினாயில் மலையே கிடையாதா?" என்று மகன் கேட்டான். இருக்கிறதாம். சார்ல்ஸ் மவுண்ட், 1,235 அடி, மீட்டரில் 376. வடமேற்கு மூலையில், விஸ்கான்சின் எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில். தனியார் நிலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாதத்தின் முதல் வார இறுதியில் மட்டும் ஏற விடுகிறார்கள். ஜூலையில் 5, 6. ஆகஸ்டைப் பற்றி யோசிக்கப் போவதில்லை.

ஜூன் 26, வியாழன்
22. வக்கீலிடமிருந்து பதில் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு
தூக்கம் வரவில்லை. எங்கே பார்த்தாலும் "இயற்கையான மிக உயரமான இடம்" என்றே எழுதியிருக்கிறார்கள். அந்த "இயற்கையான" எதற்கு? சிகாகோவின் வில்லிஸ் கோபுரம் 442 மீட்டர். அது நிற்கும் தரையே கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 180. கூட்டிப் பார்த்தால் இந்த மேடு எங்கோ கீழே கிடக்கிறது. ஒன்பது குழாய்களைச் சேர்த்துக் கட்டியதுபோல் அந்தக் கோபுரத்தை நிற்கவைத்த பொறியாளர் பஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். அது கணக்கில் சேராதாம். மண்ணோடு மண்ணாக இருந்திருக்க வேண்டுமாம். மேட்டுக்குப் பெயர் கொடுத்த எலைஜா சார்ல்ஸ் மட்டும் என்ன, வந்து குடியேறியவர்தானே. இவள் விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.

ஜூலை 2, புதன்
மூன்றாம் சுற்று நேர்காணல். இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. சுமாராகப் பேசினேன்.

ஜூலை 4, வெள்ளி
வெளியே வாணவேடிக்கை. அம்மா தொலைபேசியில், "இன்று விடுமுறையா தம்பி?" என்றாள். ஆமாம் என்றேன். இன்றைக்கு அது பொய்யில்லை.

ஜூலை 5, சனி
13. போய்விட்டு வந்தோம்.

பாதி தூரத்துக்கு மேல் மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம். தஞ்சாவூர்க்காரனுக்குச் சமவெளி புதிதில்லை. ஆனால் அங்கே வரப்புக்கு வரப்பு ஆள் தெரிவான். பிறகு சாலை மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. பனியுகத்துப் பனிப்பாறைகள் மாநிலத்தின் பெரும்பகுதியை இழைப்புளி போட்டதுபோல் வழித்துவிட்டு, இந்த மூலையைத் தொடாமல் விட்டிருக்கின்றன.

ஸ்கேல்ஸ் மவுண்ட் ஊரைத் தாண்டிப் பண்ணைப் பாதையில் நடை. மூச்சுகூட வாங்கவில்லை. "அவ்வளவுதானா?" என்றான் மகன். பழனியை எதிர்பார்த்து வந்தவன்போல் நானும் கொஞ்சம் ஏமாந்தேன். உச்சியில் புல், மரங்கள், நில அளவையாளர்கள் பதித்த உள்ளங்கையளவு உலோக வட்டு. வட்டின் விளிம்பைச் சுற்றி ஓர் எறும்பு, வெளியே வழி தெரியாததுபோல் மூன்று முறை போனது.

அங்கே போட்டிருந்த நாற்காலியில் இவள் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டாள். கழுத்து சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. ஏழு வாரமாக இரவெல்லாம் புரண்டுகொண்டிருப்பவள். வயதான தம்பதி ஒருவர் நாற்காலியைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள், புல்லில் உட்கார்ந்துகொண்டார்கள். வெயில் முகத்தில் விழாதபடி மறைத்துக்கொண்டு நின்றேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். நாற்பது நிமிடம்.

ஜூலை 8, செவ்வாய்
பதில் வந்தது. இன்னொரு சுற்று உண்டாம்.

ஜூலை 9, புதன்
9.

ஜூலை 10, வியாழன்
மாலையில் காரைப் பார்க்க ஒருவர் வருகிறார். பின்சீட்டில் மகனின் காலுறையிலிருந்து உதிர்ந்த புல் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துடைக்கத் துணியோடு போனேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று