மாயாவியின் கை மறையக் கூடாது

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று பழைய மாணவர் சங்கத்துத் தம்பிமார் கேட்டபோது, அதிபரைப் பற்றியும் விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் எங்கள் வகுப்பின் காமிக்ஸ் சண்டைகளைப் பற்றித்தான் எழுதுவேன் என்றேன். சரி அண்ணை, அதையே எழுதுங்கோ என்றார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் கடைசி வாங்கில் தொடங்கிய அந்தச் சண்டை ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையில் இன்றைக்கும் நடக்கிறது. எங்கள் காமிக்ஸ் வீரன் இரும்புக்கை மாயாவியைப் படமாக எடுத்தால் எப்படி எடுக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய வழக்கு.

எங்களுக்குப் பிந்திய வகுப்புக்காரருக்காகக் கொஞ்சம் விளக்கம். சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது, அதன் முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். 1984இல் அதே குடும்பத்தில் இருந்து லயன் காமிக்ஸ் வந்தது. யாழ்ப்பாணத்தில் பஸ் நிலையத்தடிப் புத்தகக் கடைகளில் தொங்கும். ஒழுங்காக வந்த மாதமும் உண்டு, பாதை பூட்டி வராமல் போன மாதமும் உண்டு. வகுப்பில் ஒருவனிடம் ஒரு பிரதி வந்தால் போதும், சமூகக்கல்விப் புத்தகத்துக்குள் ஒளிந்தபடி வாங்கு வாங்காகப் போய்த் திரும்பி வரும்போது அட்டை தனி, கதை தனி. கோதுமை மாப் பசை போட்டு ஒட்டி அடுத்த வகுப்புக்குக் கொடுப்போம்.

மாயாவி என்ற லூயிஸ் கிராண்டேல் ஆய்வுகூட விபத்தில் வலது கையை இழந்தவர், அதற்குப் பதிலாக இரும்புக் கை. உயர் மின்னழுத்தம் உடம்பில் பாய்ந்தால் அவர் மறைந்துவிடுவார், கை மட்டும் மறையாது. கதவின் கைபிடியைப் பிடித்தபடி அந்தரத்தில் நிற்கும் இரும்பு விரல்கள், அதைக் கண்டு காவல்காரன் வாய் பிளந்து நிற்பான், அந்த மாதிரி ஒரு கட்டத்தை நாங்கள் எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டு இருப்போம். ஹேசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் கைவண்ணம் அது என்பதும், 1962இல் இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் தொடங்கிய தொடர் என்பதும் புலம்பெயர்ந்த பிறகுதான் தெரியவந்தது.

கொக்குவிலில் இருந்து சைக்கிளில் வருகிற ஒரு நண்பன் (இந்தக் கட்டுரையில் அவன் பெயர் கொக்குவிலான்) அப்போதே ஒரு கொள்கை வைத்திருந்தான். மாயாவி முழுதாக மறைந்தால் கதையே இல்லை, கை தெரிவதால்தான் கதை என்பான். கை தெரிகிறபடியால் எதிரி சுடலாம், பூட்டலாம், பெட்டிக்குள் அடைக்கலாம். மறைவும் கொஞ்ச நேரத்துக்குத்தான், பிறகு மறுபடி மின்சாரம் தேட வேண்டும். ஒரு வீரனிடம் என்ன சக்தி இருக்கிறது என்று கேட்காதே, அந்தச் சக்தி எந்த இடத்தில் நிற்கும் என்று கேள் என்று சொல்லுவான். ஒன்பதாம் வகுப்புப் பெடியன் சொன்னது. அதைவிடச் சரியான அளவுகோலை நான் இன்றுவரை எந்த விமர்சனத்திலும் பார்க்கவில்லை.

லயனில் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர் வந்தபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கூர்க் காது, வலைத் துப்பாக்கி, ஹெலிகார் என்ற பறக்கும் வண்டி, கூடவே கூட்டாளிகள் பெல்ஹாமும் ஆர்டினியும். எங்களுக்கு ஸ்பைடர் என்றால் அவர்தான், சிவப்பு நீல உடுப்புப் போட்ட அமெரிக்கப் பெடியன் பிறகுதான் அறிமுகம். கொக்குவிலானுக்கு ஸ்பைடரைப் பிடிக்காது, அவருக்கு முடியாதது ஒன்றுமில்லையே என்பான். பிரிட்டனில் அந்தக் கதைகள் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்று பிறகு வாசித்தபோது எனக்கு மனம் கனத்துப்போனது. 1938இல் சூப்பர்மேன் வெளிவந்தபோது அவரும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் உரிமையை 130 டொலருக்குக் கொடுத்துவிட்டார்கள். 1975இல் பலர் குரல் கொடுத்த பிறகுதான் இருவருக்கும் ஆண்டு உதவித்தொகையும் பெயரும் கிடைத்தன. உலகத்தின் முதல் பெரிய வீரனை உண்டாக்கிய மனிதர் இடையில் லண்டன் வார இதழுக்கு எழுதிய கதையைத்தான் நாங்கள் சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

1978இல் வந்த சூப்பர்மேன் படத்தை ஒரு வீட்டு முற்றத்தில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் இரைச்சலுக்குள் பார்த்தோம். கிறிஸ்டோபர் ரீவ் மூக்குக்கண்ணாடி போட்டுக் கூனி நிற்கும்போது ஒரு ஆள், நிமிர்ந்தால் வேறு ஆள். அந்த நடிப்புக்கு ஈடாக இந்த வகைப் படங்களில் மிகச் சிலதான் எனக்குத் தோன்றுகின்றன. ஆனால் முடிவில் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னால் திருப்பிவிடுவார். இனி இந்த ஆளுக்கு என்ன ஆபத்தைக் காட்டினாலும் நான் நம்பமாட்டேன் என்று கொக்குவிலான் எழுந்துவிட்டான். விடிய விடிய அதைத்தான் கதைத்தோம்.

1990இல் போரால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் வரவில்லை. புதுக் காமிக்ஸும் இல்லை, பழையவற்றை ஜாம் போத்தல் விளக்கில் திரும்பத் திரும்ப வாசித்தோம். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: இப்போது மாயாவி யாழ்ப்பாணத்துக்கு வந்தால் என்ன செய்வார்? மின்கம்பி இருக்கிறது, மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது, ஆகவே டைனமோ போதும் என்றது ஒரு கட்சி. விவகாரம் பௌதிகவியல் சேரிடம் போனது. அவர் சிரிக்கவில்லை. சோக்கை எடுத்து, டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட், இது ஒரு சின்ன பல்பை எரிக்கும், மாயாவிக்கு வேண்டியது ஆயிரக்கணக்கான வோல்ட், ஆகவே மின்மாற்றி வேண்டும் என்று கரும்பலகையில் படம் கீறினார். மின்மாற்றியில் சுற்றுகளின் விகிதம் எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். வோல்ட்டைக் கூட்டினால் மின்னோட்டம் குறையும், சக்தி அதே 3 வாட்தான் என்று அவர் முடித்தபோது டைனமோக் கட்சிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிறகு ஆளுக்கொரு நாடு. 2002இல் ஸ்பைடர்மேன் படம் வந்தபோது தொலைபேசி அட்டை வாங்கி அட்டை முடியும்வரை சண்டை பிடித்தோம். மூலக் காமிக்ஸில் பீட்டர் பார்க்கர் வலை பீச்சும் கருவியைத் தானே செய்கிற பள்ளிக்கூடப் பெடியன். வலைத் திரவம் தீர்ந்துபோகும், அதுவும் வேண்டாத நேரத்தில். படத்தில் சாம் ரைமி அதை மாற்றி, மணிக்கட்டில் இருந்தே வலை வருகிற மாதிரி வைத்தார். உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள், கொக்குவிலானும் கொதித்தான். நான் ரைமியின் பக்கம். 2004இல் வந்த இரண்டாம் படத்தில் மனம் உடைந்தவுடன் அவனுக்கு வலை வராமல் போகிறது, திரவம் தீர்வதைவிட அது ஆழமான எல்லை. அதே படத்தில் ஓடுகிற ரயிலை நிறுத்திவிட்டு முகமூடி கழன்று மயங்கி விழுகிறவனைப் பயணிகள் தலைக்கு மேலே கைமாற்றிக் கொண்டுபோகிறார்களே, இவன் என் மகன் வயசுதானே என்று ஒருவர் சொல்வாரே, அந்தக் காட்சி வந்தால் இப்போதும் நான் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன். 2012இல் வேறு நடிகரோடு கருவி திரும்பி வந்தது, கொக்குவிலானுக்குச் சந்தோஷம்.

எங்கள் பக்கத்துப் படங்களில் இந்த எல்லையைப் புரிந்துகொண்டவை என்று 2021இல் வந்த மலையாள மின்னல் முரளியையும் 2023இல் வந்த மாவீரனையும் சொல்லுவேன். முதலாவதில் ஒரே மின்னல் வீரனையும் எதிரியையும் சேர்த்துத் தாக்குகிறது. இரண்டாவதில் படக்கதை வரைகிற ஒரு பயந்தாங்கொள்ளிக்கு ஒரு குரல் மட்டும் கேட்கிறது, வேறு சக்தி கிடையாது. இரண்டுமே காமிக்ஸில் இருந்து எடுத்தவை அல்ல, ஆனாலும் காமிக்ஸ் வாசித்த மனசுக்கு உடனே பிடிபடும்.

இரும்புக்கை மாயாவி என்ற பெயரில் ஒரு படம் எடுப்பது தன் கனவு என்று இயக்குநர் லோகேஷ் கனகராஜ் சொல்லியிருக்கிறார். செய்தி வந்த நாளில் எங்கள் ஆட்கள் ஒருவரும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். அது எங்கள் மாயாவியா, பெயர் மட்டுமா என்பது வேறு கதை. எங்கள் மாயாவி என்றால் எனக்கு இரண்டு கோரிக்கை உண்டு. ஒன்று, அவர் முதலில் கொள்ளைக்காரர். முதல் கதையே அதுதான், சக்தி கிடைத்த மனிதன் முதலில் கெட்டுப்போகிறான். நட்சத்திரத்துக்காக அதை மழுப்பக் கூடாது. மற்றது இன்னும் கஷ்டம். இந்த வகைப் படங்களில் சண்டைக்கு நடுவிலும் முகமூடியைக் கழற்றிவிடுவார்கள், காசு கொடுத்த முகம் தெரிய வேண்டுமே. மாயாவியில் கழற்றுவதற்கு முகமூடிகூட இல்லை. நல்ல காட்சிகளில் எல்லாம் திரையில் ஒரு கை மட்டும்தான் இருக்கும். எந்தப் பெரிய நடிகர் அதற்குச் சம்மதிப்பார்? ஆகவே புதுமுகம்தான் வேண்டும் என்கிறேன் நான். கொக்குவிலான் ஒத்துக்கொள்ளவில்லை. முகம் இல்லாத இடத்தில் குரல்தானே நடிக்க வேண்டும், வானொலி நாடகத்தில் பழகிய ஒருவரைப் பிடியுங்கோ என்கிறான். கோடைகால ஒன்றுகூடலுக்கு அவன் லண்டனில் இருந்து வருகிறான். யோசனை உள்ளவர்கள் பெயர்களோடு வாருங்கோ.