ஆற்றங்கரையில் ஒரு டைம் கீப்பர்

அப்பா பஸ் டிப்போவில் 31 வருடம் டைம் கீப்பராக இருந்தவர். ரிட்டயர் ஆகி ஒன்பது வருடம் ஆகியும் கை சும்மா இருப்பதில்லை. பால்காரர் வந்தது, கரண்ட் போனது, எதிர்வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பியது என்று எல்லாம் நேரத்தோடு டைரியில் ஏறிவிடும். அப்படிப்பட்ட மனுஷரை, எப்போது வரும், எந்தப் பக்கம் போகும், போகுமா போகாதா என்று ஒருவருக்கும் தெரியாத ஒன்றைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன் பாருங்கள், தப்பு என்னுடையதுதான்.

நாங்கள் நைரோபிக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. போன ஆகஸ்டில் ஈரோட்டிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். ஆகஸ்டில் கென்யா வந்துவிட்டு, வில்டபீஸ்ட் என்கிற விலங்கு லட்சக்கணக்கில் வலசை வந்து ஆறு தாண்டுகிற மசாய் மாரா காட்டுக்குப் போகாமல் திரும்புவது, சித்திரையில் மதுரை போய் அழகரைப் பார்க்காமல் வருவது மாதிரி. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவருக்கு அவ்வளவு வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆக நான், அப்பா, அம்மா, கூரையைத் தூக்கி நிறுத்தி எட்டிப் பார்க்க வசதியுள்ள ஒரு லேண்ட் குரூசர், அதை ஓட்ட மசாய் இனத்து இளைஞர் ஒருவர். அவர்தான் வழிகாட்டியும்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே முதல் சண்டை வந்துவிட்டது. அம்மா புளிசாதம், கச்சாயம், முறுக்கு எல்லாவற்றையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருந்தார். கென்யாவில் 2017லேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துவிட்டது. 2020லிருந்து காட்டுக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கூடக் கொண்டுபோகக் கூடாது. சொன்னால் அம்மா நம்பவில்லை. “சிங்கம் வந்து கவரையா திங்கப் போகுது?” கடைசியில் எல்லாம் தூக்குப் போசிக்கு மாறியது. நான்கு அடுக்கு எவர்சில்வர் போசி. அந்த வண்டியில் அதற்குத்தான் ஜன்னல் சீட்.

போகிற வழியில், மாய் மஹியு இறக்கத்தில் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கைப் பார்க்க வண்டியை நிறுத்துவார்கள். பூமியே இரண்டாக வாய் பிளந்து கிடக்கிற மாதிரி இருக்கும். அம்மா அதை அரை நிமிஷம் பார்த்தார். பக்கத்துக் கடையில் தொங்கிய சிவப்புக் கட்டம் போட்ட மசாய் ஷூகா போர்வையை அரைமணி நேரம் பார்த்தார். ஓரத்தை விரலில் உருட்டி, ஒரு நூலைப் பிரித்து, “நம்ம சென்னிமலைப் போர்வை இதவிட கெட்டி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இரண்டு வாங்கினார். பேரம் தமிழில்தான். கடைக்காரர் சுவாஹிலியில் பேசினார். இருவருக்கும் நடுவில் கால்குலேட்டர் ஒன்று இருந்தது, அது போதுமாயிருந்தது.

ஓட்டுநர் அடிக்கடி “போலே போலே” என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அம்மா மூன்றாவது தடவை என் காதில் கேட்டார்: “எதப் போலேன்னு சொல்லவே மாட்டேங்கறாரே கண்ணு?”

அதைவிடப் பெரிய சங்கடம் காட்டுக்குள் காத்திருந்தது. வரிக்குதிரைக்கு சுவாஹிலியில் ஒரு பெயர் உண்டு. கோடு போட்ட கழுதை என்பதுதான் பொருள், அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்தப் பெயரின் முதல் பாதியைத் தமிழ்க் குடும்பம் உட்கார்ந்திருக்கிற வண்டியில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஓட்டுநருக்கு அது எப்படித் தெரியும்? ஒவ்வொரு வரிக்குதிரையையும் கை நீட்டி, பெயர் சொல்லி, உற்சாகமாகக் காட்டினார். அப்பா பைனாகுலரைக் கண்ணில் ஒட்டவைத்துக்கொண்டார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். இந்த வலசையில் வில்டபீஸ்ட்டோடு கூடவே நடக்கிற வரிக்குதிரைகள் சுமார் இரண்டு லட்சம். முக்கால்வாசி அன்றைக்கு எங்கள் பாதையிலேயே நின்றன.

சரி, வில்டபீஸ்ட். தமிழில் காட்டெருமை என்று சிலர் எழுதுகிறார்கள். அது வேறு. இது மான் வகையைச் சேர்ந்தது என்று சொன்னால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மாட்டுக் கொம்பு, குதிரைப் பிடரி, ஆட்டுத் தாடி, முன்பக்கம் தூக்கிய தோள், பின்பக்கம் யாரோ அவசரத்தில் முடித்துவிட்ட மாதிரி ஒல்லி இடுப்பு. “ஆளுக்கொரு உறுப்பா மொய் வெச்சிருக்காங்க” என்றார். ஆனால் பதின்மூன்று லட்சம் வரை இருக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். தான்சானியாவின் செரங்கெட்டியில் தெற்கே கன்று போட்டு, மழையையும் புல்லையும் தேடி மேற்காக, வடக்காக வந்து, எல்லை தாண்டி கென்யாவுக்குள் மூன்று மாதம் மேய்ந்துவிட்டு மறுபடி தெற்கே போகும். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. எங்களுக்குத்தான் எல்லாம். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை ஒரு நாளைக்கு, அதாவது காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைக்கும், தலைக்கு நுழைவுக் கட்டணம் 200 டாலர். அப்பா அதை ரூபாயாக்கி, பன்னிரண்டால் வகுத்து, மணிக்கு ஆயிரத்து நானூறு சொச்சம் என்று டைரியின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

காலை எட்டரைக்கு மாரா ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எதிர்க்கரையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. எள் போட்டால் எள் விழாது என்பதை நான் கல்யாண மண்டபத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆற்றங்கரையில் அன்றுதான். அத்தனையும் ஒரே நேரத்தில் “ங்நூ... ங்நூ...” என்று முனகிக்கொண்டே இருந்தன. பந்தியில் ஆயிரம் பேர் ஒன்றாக எழுந்து ஏப்பம் விடுகிற சத்தம். எங்கள் பக்கம் கரையிலிருந்து தள்ளி, முப்பது வண்டியாவது நின்றிருக்கும். ஒவ்வொரு கூரைக்குள்ளிருந்தும் நான்கைந்து தலை, நான்கைந்து கேமரா. யாரும் பேசவில்லை. எங்கள் வண்டியில் மட்டும் முறுக்குச் சத்தம்.

முன்னால் நின்ற ஒன்று இறங்கி வந்தது. சேற்றில் முன்கால் இரண்டும் குளம்பு மறையப் புதைந்தன. தலையைத் தாழ்த்தித் தண்ணீரை முகர்ந்தது. தாடி நுனி நனைந்து சொட்டியது. பின்னால் ஆயிரக்கணக்கில் நிற்பவை கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருக்க, இது எதிர்க்கரையைப் பார்த்தது, தண்ணீரைப் பார்த்தது, மறுபடி எதிர்க்கரையைப் பார்த்தது. எங்கோ ஒரு நீர்யானை புஸ்ஸென்று மூச்சு விட்டது. அவ்வளவுதான். திரும்பி ஓட ஆரம்பித்ததும், எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே மொத்தக் கூட்டமும் மேடேறி ஓடியது. புழுதி அடங்கவே பத்து நிமிஷம் ஆனது.

அப்பா எழுதினார்: “9.05 வந்தது. 9.20 ரத்து.”

இப்படி இன்னும் நான்கு ரத்து. ஒருதடவை வரிக்குதிரைகள் இறங்கி வந்து, சாவகாசமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, வந்த வேலை முடிந்தது என்று திரும்பிப் போயின. ஒருதடவை கொக்கு பறந்தது. மற்ற இரண்டு தடவைக்குக் காரணமே தெரியவில்லை.

“தலைவன் யாரு இதுல?” என்றார் அப்பா. நான் ஓட்டுநரிடம் கேட்டுச் சொன்னேன். தலைவன் என்று யாரும் இல்லை. எது முதலில் குதிக்கும், ஏன் குதிக்கும் என்று சொல்ல முடியாது. பின்னால் நெருக்குவது தாங்காமல் முன்னால் இருப்பது விழுந்தாலும் விழும், ஒன்று இறங்கிவிட்டால் மற்றவையும் இறங்கிவிடும்.

அப்பா கொஞ்சநேரம் யோசித்தார். “நம்ம வீட்ல குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பற மாதிரிதான். உங்க அத்தை வண்டியில ஏறுனாத்தான் மத்தவங்க ஏறுவாங்க. அத்தை ஏற மாட்டா.”

பதினொன்றரைக்கு அப்பா என்னைத் தொட்டு, கண்ணாலேயே சொன்னார். அவருக்கு சுகர். காட்டில் இதற்கென்று நாகரிகமான வார்த்தை உண்டு: டயரில் காற்றுப் பார்ப்பது. ஓட்டுநரிடம் சொன்னதும் புரிந்துகொண்டு, அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு வெட்டவெளிக்கு ஓட்டினார். தான் முதலில் இறங்கி, நாலா பக்கமும் பார்த்து, புதரைச் சுற்றிவந்து, சிங்கம் இல்லை என்று கட்டைவிரல் காட்டினார். அப்பா பின் சக்கரத்துக்குப் பின்னால் போனார். சினிமாவாக இருந்தால் சரியாக இந்த நேரத்தில்தான் மந்தை ஆற்றைத் தாண்டியிருக்கும். நாங்களும் அந்தப் பயத்தோடுதான் திரும்பி வந்தோம். ஒன்றும் ஆகவில்லை. அதே கூட்டம், அதே முனகல். “11.30 டயர்” என்று எழுதியதோடு சரி.

காத்திருந்த நேரத்தில் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அப்பாவின் குடும்பம் மாடு வைத்திருந்த குடும்பம். ஓட்டுநரின் அப்பாவுக்கு அறுபது மாடாம். இது தெரிந்ததும் இரண்டு பேரும் என்னை நடுவில் உட்காரவைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா அவரைத் “தம்பி” என்றார். அவரும் பதிலுக்கு அப்பாவைத் “தம்பி” என்றார். திருத்த யாருக்கும் மனசு வரவில்லை.

1890 வாக்கில் இந்தப் பக்கம் வந்த ஒரு மாட்டு நோய், மசாய் மாடுகளோடு வில்டபீஸ்ட்டையும் சேர்த்து வாரிக்கொண்டு போனதைப் பற்றி ஓட்டுநர் சொன்னார். நான் பெயரை மொழிபெயர்க்கத் திணறி, அறிகுறியைச் சொன்னேன். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல். அப்பா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “அட, வெக்கை!” அவர் சின்னப் பையனாக இருந்தபோது பக்கத்துத் தோட்டத்தில் ஒரு வாரத்தில் கட்டுத்தறி காலியான கதையைச் சொன்னார். இங்கே மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு வெக்கையை ஒழித்ததால், 1961ல் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட், எழுபதுகளின் கடைசியில் பதின்மூன்று லட்சம் ஆகிவிட்டது. ஊசி போட்டது மாட்டுக்கு, பிழைத்தது இது. 2011ல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். அம்மா எதிர்க்கரையைப் பார்த்து, “அப்ப இத்தனையும் ஊசியில பொழச்சதுகளா?” என்றார். அதற்குப் பிறகு அவற்றை “மொய்” என்று கிண்டல் செய்யவில்லை.

இரண்டு மணிக்கு அம்மா போசியைத் திறந்தார். புளிசாதம் மூடியில் பரிமாறி ஓட்டுநர் கைக்குப் போனது. அவர் ஒரு வாய் வைத்தார், மோர் மிளகாயைக் கடித்தார், கண் கலங்கியது. அதே நொடியில் “நியும்பு!” என்று கத்தினார். மிளகாய்க்குச் சுவாஹிலி வசவு என்று நினைத்தேன். இல்லை, அது வில்டபீஸ்ட்டின் பெயர். ஒன்று குதித்துவிட்டது.

முப்பது வண்டியும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் ஆயின. எங்கள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பத்தடி முன்னே போனது. இரண்டாம் அடுக்குப் புளிசாதம் மொத்தமும் அப்பாவின் குரங்குக் குல்லாவில். அவர் கவனிக்கவில்லை. வாட்ச்சைத்தான் பார்த்தார். 2.10.

அதை எப்படிச் சொல்வது? கரை மேட்டிலிருந்து கொட்டினார்கள். ஆமாம், கொட்டினார்கள் என்றுதான் வருகிறது, மூட்டையைக் கவிழ்த்த மாதிரி. நான்கு காலும் ஆகாயத்தில் விரிய, ஒன்று மேல் ஒன்று விழுந்து, மூழ்கி, மூக்கையும் கொம்பையும் மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, இழுப்புக்குச் சாய்வாக ஒரே கோட்டில் நீந்தி வந்தன. எங்கள் கரையில் ஏறும்போது வயிற்றிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மூச்சு வாங்குகிற சத்தம் பக்கத்தில் கேட்டது. வழுக்கி விழுந்த ஒன்றின் முதுகில் மிதித்து இன்னொன்று ஏறியது. மணல் திட்டில் ஒரு முதலை கிடந்தது. நான் அதையே பயந்து பயந்து பார்த்தேன். அது விருந்து முடித்துத் திண்ணையில் சாய்ந்த மாமா மாதிரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. உண்மையில் இந்த ஆற்றில் மூழ்கியே வருடத்துக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கு மேல் சாகின்றன. கரையோரம் கழுகுகளும் மராபு நாரைகளும் கைகட்டி நின்றது அதற்குத்தான்.

அப்பா கண்டக்டர் ஆள் எண்ணுகிற மாதிரி விரலை நீட்டி இரண்டிரண்டாக எண்ணினார். நூற்றெண்பதில் விட்டுவிட்டார். அம்மா எண்ணவில்லை. எதிர்க்கரை விளிம்பில் நின்று கத்திக்கொண்டிருந்த ஒரு கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஏறிய ஒன்று மட்டும் மேயப் போகாமல் கரையோரமே அங்கும் இங்கும் ஓடியது. “அதுதான் தாய்” என்றார். ஓட்டுநர் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு உறுதி தேவைப்படவில்லை.

2.27க்கு நின்றது. என் மொபைலில் பதினேழு நிமிஷ வீடியோ. அதில் பாதி அப்பாவின் குல்லா, அதன் மேல் இரண்டு வேர்க்கடலை.

வண்டிகள் கலைய ஆரம்பித்தன. நாங்கள் மிச்ச சாதத்தைச் சாப்பிட்டோம். மூன்று மணி தாண்டி, இந்தப் பக்கம் ஏறி நின்ற கூட்டம் மெதுவாக ஆற்றுப் பக்கம் திரும்பியது. கரையோரம் ஓடிக்கொண்டிருந்த அது முதலில் இறங்கியதா, வேறு ஏதாவதா, நான் பார்க்கவில்லை. அம்மா பார்த்தேன் என்கிறார். உயிரைப் பணயம் வைத்துத் தாண்டி வந்ததில் முக்கால்வாசி, வந்த வழியே மறுபடி குதித்து, மறுபடி நீந்தி, எதிர்க்கரைக்கே போய்ச் சேர்ந்தன. இப்படி நடப்பது சகஜம்தான் என்றார் ஓட்டுநர். ஒரே சீசனில் பலதடவை போய்ப்போய் வருமாம்.

அப்பா பேனாவைத் திறந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்குது கண்ணு. என்ன எழுதறது?”

“கன்னுக்குட்டின்னு எழுதுங்க” என்றார் அம்மா.

ராத்திரி டெண்டில் அப்பா தூங்கினதுக்கு அப்புறம் டைரியை எடுத்துப் பார்த்தேன். “2.10 புறப்பாடு. 2.27 வந்து சேர்ந்தது. 3.12 அதே வழியில் திரும்பியது. காரணம்: நிர்வாகம்.”

அதற்குக் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில், “(கன்று)”.