மண் கெண்டி வாங்கப் போய் டாக்சிக்காரனிடம் மாட்டிய கதை

முதலில் டாக்சி. அதைச் சொல்லித் தீர்க்காமல் மேலே எழுத வராது. சீனாவில் யிஷிங் ரயில் நிலைய வாசலில் நின்ற ஆள் மீட்டர் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை, திங்ஷு ஊருக்கு 150 யுவான் என்றான். நம் மலேசியக் காசுக்கு 90 வெள்ளி. தூரம் என்னவோ 15 கிலோமீட்டர் சொச்சம்தான். என் போனில் சார்ஜ் செத்துப்போயிருந்தது, செயலியில் கார் கூப்பிட வழியில்லை, மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. சரி என்று ஏறிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, யாருக்கோ போன் போட்டு, "வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் சிக்கினான், 150 சொன்னேன், வாயே திறக்காம ஏறிட்டான்" என்று சிரிக்கிறான். நான் கிள்ளானில் சீனப் பள்ளியில் ஆறு வருடம் அடி வாங்கிப் படித்தவன். இறங்கும்போது, "ஷிஃபு (டிரைவரை மரியாதையாகக் கூப்பிடுவது), இப்ப வாயைத் திறக்கிறேன், 60 தான் தருவேன்" என்று மாண்டரினில் சொன்னதும் அந்த முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கடைசியில் 80 வாங்கிக்கொண்டான். அதுவே அதிகம்தான், ஆனாலும் அந்த முகத்துக்கு 20 யுவான் கொடுக்கலாம்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது எல்லாம் வரிசையாக எழுதுகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஷாங்காயிலிருந்து அதிவேக ரயில் இருக்கிறது, மலேசியக் கடப்பிதழ் இருந்தால் இப்போது விசா வேண்டாம். மற்றதை அப்புறம் பார்க்கலாம், கெண்டிக்கு வருகிறேன்.

இந்தப் பித்து பிடித்தது எங்கள் ஊர் பக் குத் தே (பன்றி எலும்பு மூலிகைச் சாறு) கடைகளில்தான். மேசைக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், உள்ளங்கைக்குள் அடங்குகிற சிவப்பு மண் கெண்டி ஒன்று இருக்கும், பெரியவர்கள் அதில் சுண்டைக்காய் அளவுக் கோப்பைகளுக்கு ஊற்றி ஊற்றிக் குடிப்பார்கள். அந்தக் கெண்டிகளில் பல சியாங்சு மாநிலத்து யிஷிங்கில் செய்தவை. 1950களில் கூட்டுறவாகத் தொடங்கிய அந்த ஊர் ஸிஷா (அங்கத்திய கெண்டி மண்) ஆலை, சேகரிப்பவர்கள் பேச்சில் 'முதல் ஆலை', 90களின் இறுதி வரை ஓடியது. 70, 80களில் அது ஏற்றுமதிக்கென்று செய்து தள்ளிய சின்னக் கெண்டிகளுக்கு இப்போது இருக்கும் மவுசைச் சொல்லி மாளாது. அடியில் 'சோங்குவோ யிஷிங்' என்று நாலு எழுத்து முத்திரை இருக்கும். அதில் ஒன்று, ஷுயிபிங் என்கிற கெண்டி வடிவத்தில், 500 யுவானுக்குள். இதுதான் என் திட்டம். அம்மாவிடம் சொன்னபோது, "ஏன்டா, வீட்டுல கெட்டில் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

திங்ஷுவில் ஷுஷான் மலையடியில் ஒரு பழைய தெரு இருக்கிறது, ஒரு பக்கம் கால்வாய், காலடியில் கருங்கல். சு டோங்போ என்ற கவிஞர் இந்த மலையைப் பார்த்து 'எங்கள் ஊர் மாதிரியே இருக்கிறதே' என்றாராம், அவர் ஊரான ஷு நாட்டின் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா கெண்டி செய்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன், அவர் ஒரு தடவைகூடத் துரத்தவில்லை. சக்கரத்தில் சுற்றி வனைவதே இல்லை. மண்ணைப் பெரிய மரச்சுத்தியலால் அடித்து அடித்துத் தகடாக்குகிறார். தகட்டிலிருந்து ஒரு பட்டையை நறுக்கி வளையமாகச் சுற்றிக் குழை மண்ணால் ஒட்டுகிறார். அப்புறம் இடது கை விரல்கள் உள்ளே, வலது கையில் மெல்லிய மரத்தட்டி. டொக் டொக் டொக் என்று தட்டத் தட்ட, நேராக நின்ற சுவர் மெல்ல உள்ளே சாய்ந்து கெண்டியின் தோளாகிறது. நம் குயவர்கள் பானையின் அடியைத் தட்டித் தட்டி மூடுவார்களே, அதன் தம்பி மாதிரி, ஆனால் எல்லாம் உள்ளங்கை அளவில். மூக்கை ஒட்டும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், நானும் பிடித்துக்கொண்டேன்.

இதே ஊரில்தான் கெண்டி மாஸ்டர் கு ஜிங்ஜோ இருந்தார், 1996ல் காலமானார். அவர் செய்த தேநீர் செட் ஒன்று 2015ல் ஏலத்தில் 9.2 கோடி யுவானுக்குப் போனது. அதனால் இந்தத் தெருவில் எல்லாருமே யாரோ ஒரு மாஸ்டரின் சீடர்கள்! எல்லார் கடையிலும் 'பழைய மண்' இருக்கிறது. ஸிஷா மண் வெட்டிய ஹுவாங்லோங்ஷான் சுரங்கத்தை மூடி இருபது வருடம் ஆகப்போகிறதோ தாண்டிவிட்டதோ, மண் மட்டும் தீருவதாக இல்லை.

பெரிய தெருக் கடை ஒன்றில் '1970கள்' என்று ஒரு சிவப்பு ஷுயிபிங்கை நீட்டி 2,800 யுவான் என்றார்கள். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. மூடியை எடுத்துவிட்டு மேசையில் கவிழ்த்துப் பார்த்தேன், மூக்கின் நுனி, வாய், கைப்பிடி மூன்றும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்தன. நல்லது. "கொதிநீர் கொஞ்சம் ஊற்றலாமா?" என்றேன். கடைக்காரர் முகம் சுருங்கியது. ஊற்றியதும் கிளம்பியது பாருங்கள் ஒரு வாசனை, அசல் பள்ளிக்கூட ஷூ பாலிஷ்! துணியால் துடைத்தால் துணியில் பழுப்பு. வெளியே ஐம்பது வயது, உள்ளே ஐந்து மாதம். ஸிஷாவுக்குக் கிளேஸ் (பளபளப்பான கண்ணாடிப் பூச்சு) கிடையாது, நுண்துளை உள்ள மண், தேயிலை வாசனையை இழுத்துக்கொள்ளும். அதனால்தானே ஒரு கெண்டிக்கு ஒரே வகைத் தேயிலை என்று வைத்திருக்கிறோம். பாலிஷை இழுத்துக்கொண்ட கெண்டியை என்ன செய்வது, செருப்பு துடைக்கவா? வாங்கவில்லை என்றதும், "தெரியாதவர்கள் தொடக் கூடாது" என்று முணுமுணுத்தார்.

அன்று மதியம் வெறுத்துப்போய் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்தேன். இந்த ஊரில் ஒரு செடியின் இலைச்சாற்றில் ஊறவைத்து அரிசியைக் கறுப்பாக்குகிறார்கள், வூமி சோறு என்று பெயர். மை மாதிரி கறுப்பு, மேலே சர்க்கரை. பார்த்ததும் தயங்கினேன், முதல் வாய் வைத்ததும் நம் வீட்டுக் கவுனி அரிசிப் பொங்கல் ஞாபகம் வந்தது. அதோடு மூங்கில் குருத்து போட்டு வேகவைத்த உப்பிட்ட பன்றி இறைச்சிச் சாறு. எல்லாம் சேர்த்து 38 யுவான். டாக்சிக்காரன் கேட்ட 150க்குக் கிட்டத்தட்ட நான்கு வேளை சாப்பிட்டிருக்கலாம்.

சாப்பிட்ட தெம்பில் ஒரு சந்துக்குள் நுழைந்ததில் அகப்பட்டவர்தான் அந்தத் தாத்தா. கடை என்று சொல்ல முடியாது, வீட்டுக்கு முன்னால் ஒரு மேசை. அவர் பேசியதில் பாதி உள்ளூர் பேச்சு, எனக்குப் புரியவில்லை. ஆலைக் கெண்டி இருக்கிறதா என்றதும் எந்த ஊர் என்று கேட்டார். மலேசியா என்றேன். சிரித்துவிட்டார். "நல்லதெல்லாம் அந்தக் காலத்திலேயே உங்க பக்கம் கப்பல் ஏறிடுச்சு. ஹாங்காங், சிங்கப்பூர், ஜப்பான். உங்க ஊர் பழைய தேயிலைக் கடைப் பரணில் தேடு. இங்கே இருப்பது ஏற்றுமதிக்குத் தேறாததுதான்." விமான டிக்கெட் காசை நினைத்து வயிறு எரிந்தது. ஆனால் அவர் உள்ளே போய் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். சிவப்பு மண், 120 மில்லி இருக்கும், அடியில் அந்த நாலு எழுத்து. மூடியின் உள்விளிம்பில் அரிசியளவு உடைப்பு. அவரே கொதிநீர் ஊற்றிக் காட்டினார், வெறும் மண் வாசனைதான், அதுவும் புழுதி மண். மூடித் துளையை விரலால் அடைத்தால் நீர் சட்டென்று நின்றது. 800 கேட்டார், 650க்கு முடிந்தது. பட்ஜெட்டை 150 யுவான் தாண்டிவிட்டது. அந்த உடைப்பைக் காரணம் காட்டி இன்னும் குறைத்திருக்கலாம், வாய் வரவில்லை.

ஹோட்டல் சுமார்தான், 160 யுவான், கெட்டில் உண்டு, அது போதும். சோப்பு போடாமல் இரண்டு தடவை கொதிநீரில் ஊறவைத்தேன். ஷுயிபிங் என்றால் நீர்மட்டம், தண்ணீரில் விட்டால் சாயாமல் மிதக்கும் என்பார்கள். கைகழுவும் தொட்டியில் மிதக்கவிட்டேன். மூக்குப் பக்கம் லேசாகத் தலை குனிந்துதான் மிதந்தது. தேறாத சரக்குதானே!

ஊரிலிருந்து கொண்டுவந்த லியூபாவ் 7 கிராம் போட்டேன். தென்சீனத்துக் குவாங்சி தேயிலை, ஈயச் சுரங்கக் காலத்தில் நம் ஈப்போ பக்கம் சீனத் தொழிலாளிகள் குடித்தது. முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுத்ததைப் பத்து விநாடியில் வடித்தேன். இதற்கு 'பாக்கு மணம்' உண்டு என்று சீனர்கள் எழுதுவார்கள், கண்ணாடிக் குவளையில் போட்டபோதெல்லாம் எனக்குப் பிடிபட்டதே இல்லை. மூன்றாவது ஊற்றில் வந்தது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்ததும் வருமே, பழைய கொட்டைப்பாக்கு, அதேதான். ஒன்பது தடவை ஊற்றினேன், இரவு ஒரு மணி வரை.

ஒரே குறை, ஊற்றி முடித்ததும் மூக்கில் ஒரு சொட்டு தங்கி அடிவயிறு வழியாக வழிகிறது. கீழே ஹோட்டல் துண்டை மடித்து வைத்திருந்தேன். காலையில் அதில் செம்பழுப்பாக ஒரு வட்டம், துண்டுக்கு 30 யுவான் பிடித்துக்கொண்டார்கள். கணக்கு நோட்டில் கெண்டியின் விலையை 680 என்று திருத்தி வைத்திருக்கிறேன்.