ஐந்து வாளிப் பால்

ஆங்கில இலக்கிய வகுப்பில் ஜோர்ஜ் ஓர்வெலின் ‘விலங்குப் பண்ணை’ (முதலாளியைத் துரத்திவிட்டு மிருகங்களே பண்ணையை நடத்தும் கதை) படித்த அதே வருடம்தான் வகுப்பு நூலக அலுமாரியின் சாவியும் என் கைக்கு வந்தது. அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: “எவரும் ஒரு புத்தகத்தை ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.” நானும் என் கூட்டாளியும் பொறுப்பெடுத்த கொஞ்ச நாளிலேயே, அட்டை போட வேண்டும், பதிய வேண்டும் என்று சாட்டுச் சொல்லிப் புதுப் புத்தகங்களை முதலில் வீட்டுக்குக் கொண்டுபோகத் தொடங்கிவிட்டோம். அப்புறம் ஒருநாள் அந்தத் தாளில் “பொறுப்பாளரைத் தவிர” என்று சின்ன எழுத்தில் சேர்த்தேன். எழுதியது நான்தான், கூட்டாளிமேல் பழி போட மாட்டேன்.

சேர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாடத்தில், “இந்தப் பண்ணை எந்த இடத்தில பழுதாகத் தொடங்கினது?” என்று கேட்டார். ஸ்னோபோல் என்ற தலைமைப் பன்றியை நாய்கள் துரத்திய இடம் என்றார்கள் பலர். நான், நடுச்சாமத்தில் ஏணி முறிந்து, பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற் கவிழ்ந்து கிடக்க, பண்ணையின் கட்டளைகள் எழுதிய சுவரடியில், அவற்றைக் களவாக மாற்றப் போன ஸ்குவீலர் என்ற பன்றி மலங்க மலங்க முழிக்கும் காட்சியைச் சொன்னேன். கெட்டித்தனமான பதில் என்ற நினைப்பு எனக்கு.

“அதெல்லாம் பிந்தி. அந்தப் பாலை யார் குடிச்சது?”

எந்தப் பால்? ஒருவருக்கும் ஞாபகமில்லை. திரும்பப் புரட்டினோம். முதலாளி ஜோன்ஸைத் துரத்திய மறுநாள், பன்றிகள் பசுக்களைக் கறக்கின்றன; நுரை ததும்ப ஐந்து வாளிப் பால். இதை என்ன செய்வது என்று மற்ற மிருகங்கள் கேட்க, மற்றத் தலைமைப் பன்றியான நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, பாலை விடுங்கள், அறுவடைதான் முக்கியம் என்கிறது. பின்னேரம் திரும்பி வந்தால் பால் இல்லை. அவ்வளவுதான், அத்தியாயம் முடிந்துவிடும். பிறகு அப்பிள்களும் அதே வழி போகின்றன. பன்றிகளுக்குப் பாலும் அப்பிளும் பிடிக்கவே பிடிக்காதாம், மூளை வேலை செய்வதால் உங்களுக்காகத்தான் சாப்பிடுகிறோம் என்று ஸ்குவீலர் விளக்கம் சொல்லும். எங்களுக்கெல்லாம் பிடித்த ஸ்னோபோலும் இதில் உடன்பாடுதான், அந்த வரியை நாங்கள் பார்க்கவே இல்லை. இன்றைக்கும் ஸ்னோபோல் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

பல வருடங்களுக்குப் பிறகுதான் வாசித்தேன், 1946இல் அமெரிக்க நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஓர்வெலும் கதையின் திருப்புமுனை பாலும் அப்பிளும்தான் என்கிறார். சேருக்கு அது தெரிந்திருந்ததா, அலுமாரித் தாள்தான் காரணமா?

அந்தப் புத்தகம் வெளிவந்ததே பெரும்பாடு. சோவியத் புரட்சியைக் கேலி செய்யும் கதை அது, நெப்போலியன்தான் ஸ்டாலின். 1944இல் எழுதி முடித்தபோது சோவியத் நாடு பிரிட்டனின் கூட்டாளி, ஸ்டாலினைத் தொட ஆளில்லை. கவிஞர் எலியட் தான் வேலை பார்த்த பதிப்பகத்தின் சார்பில் மறுத்தபோது, தேவை பொதுநல உணர்வுள்ள பன்றிகள்தான் என்ற தொனியில் எழுதினார். அந்த ஜூனில் ஓர்வெலின் வீட்டில் குண்டு விழுந்து, கைப்பிரதியை இடிபாடுகளுக்குள் இருந்து தேடி எடுத்தார்கள். ஒருவழியாக 1945 ஆகஸ்டில் வெளிவந்தது.

அச்சுக்குப் போகுமுன் ஓர்வெல் ஒரு திருத்தம் கேட்டார். காற்றாலை வெடிக்கும்போது நெப்போலியன் உட்பட எல்லா மிருகங்களும் குப்புற விழுந்தன என்று இருந்ததை, “நெப்போலியனைத் தவிர” என்று மாற்றச் சொன்னார். ஜெர்மன் படை நெருங்கியபோதும் ஸ்டாலின் மொஸ்கோவை விட்டு ஓடவில்லை, அதை மறைப்பது நியாயமில்லை என்பது அவர் காரணம். அவரும் ஒரு “தவிர”தான் சேர்த்தார். நானும்தான் சேர்த்தேன்.

என் கூட்டாளி அன்றே அந்தத் தாளைக் கிழித்துவிட்டு முதல் வரியை மட்டும் புதிதாக எழுதி ஒட்டினான். ஆனால் எங்கள் பழைய மாணவர் சங்கத் தலைவருக்கு ஒரு விஷயம்: அலுமாரியின் ‘விலங்குப் பண்ணை’ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த ஒன்றுகூடலுக்குக் கொண்டுவருகிறேன், தண்டப்பணம் எவ்வளவு என்று சொல்லுங்கள்.