பெரிய தளங்களைத் தாண்டி வேலை தேடியதில் எங்கெங்கே மாட்டினேன்

கோவையிலிருந்து ஓசூருக்கு வீணாகப் போய்வந்த அந்த ஒரு நாள் இன்னும் ஆறவில்லை. வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரம்: டிசைன் இன்ஜினியர், சாலிட்வொர்க்ஸ் தெரிந்திருக்க வேண்டும், நேரடி வாக்-இன். போய்ப் பார்த்தால் ஆலையே இல்லை. மாடியில் ஒரு கன்சல்டன்சி அறை. பதிவுக் கட்டணம் கட்டினால்தான் இன்டர்வியூ கடிதமாம். கட்டாமல் திரும்பிவிட்டேன்.

கிளம்புமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்க வேண்டும். விளம்பரம் போட்டவரிடம் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள். மொத்தம் 15 எழுத்தும் எண்ணும். தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-இல் தொடங்கும். அதற்கடுத்த பத்தும் அந்தக் கம்பெனியின் பான் எண். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே இதைப் போட்டுத் தேடலாம். சட்டப்படியான பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, எந்த மாதிரித் தொழில் என்பதெல்லாம் வரும். எண்ணைத் தர மறுத்தால் பஸ் ஏறாதீர்கள். ஏற்கெனவே ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்திருந்தால் அன்றைக்கே 1930-க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும், முடக்குவது கஷ்டம்.

உண்மையான வேலைகள் கிடைப்பது கம்பெனிகளின் சொந்த கேரியர்ஸ் பக்கங்களில். பல கம்பெனிகள் அந்தப் பக்கத்தை கிரீன்ஹவுஸ், லீவர், வொர்க்டே, ஜோஹோ ரெக்ரூட் போன்ற மென்பொருளில்தான் நடத்துகின்றன. அதனால் கூகுளில் அந்த மென்பொருளின் முகவரிக்குள் மட்டும் தேடினால் பல கம்பெனிகளின் காலியிடங்கள் ஒரே இடத்தில் வந்துவிடும். 'சைட்' (site) என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளியே விடாமல் முகவரி. பிறகு இடைவெளி விட்டு வேலையின் பெயரும் ஊரும். முக்காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்தாலும் சாதாரணத் தேடலாகிவிடும். ஊரை கோயம்புத்தூர் என்றும் கோவை என்றும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'டூல்ஸ்' போய்க் கடந்த ஒரு வாரம் என்று வையுங்கள், இல்லாவிட்டால் எப்போதோ மூடிய வேலைகள்தான் முதலில் நிற்கும்.

வொர்க்டேயில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்க வேண்டும். ஒன்றில் போட்ட விவரம் அடுத்ததற்கு வராது. கம்பெனி, பயன்படுத்திய ஈமெயில், விண்ணப்பித்த தேதி, வேலை எண் ஆகிய நான்கையும் ஒரு எக்செல் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலை எண் இல்லாமல் எச்ஆர் போனை எடுத்தால் தடுமாறுவீர்கள்.

ரெஸ்யூமேயில் நான் இழந்தது இரண்டு வாரம். பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த அழகான டிசைன். ஏற்றியதும் படிவம் தானாக நிரம்பியது, படித்த பாலிடெக்னிக் வேலை பார்த்த இடமாக மாறியிருந்தது. சோதிக்க எளிய வழி உண்டு. பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரி குழம்பினால் அவர்கள் மென்பொருளிலும் குழம்பும். பக்கத்தை நெடுக்காகப் பிரிக்க வேண்டாம், அட்டவணை வேண்டாம், போன் எண் படமாக இல்லாமல் எழுத்தாக.

அடுத்தது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். படிவம் கடைசிப் பெயரைக் கட்டாயம் கேட்கும். ஓர் எழுத்தைப் போட்டால் சில படிவங்கள் ஏற்காது. மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் வேறு வரிசை. நான் எல்லா இடத்திலும் ஆதாரில் உள்ளபடியே போட்டேன், காரணம் பிஎஃப் கணக்கின் நிரந்தர எண்ணான யூஏஎன் அதை ஒட்டித்தான் வரும். பான் வேறுபட்டால் வேலை கிடைக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே திருத்துங்கள்.

டிகிரி அல்லது டிப்ளமோ முடித்து ஐந்து வருடம் ஆகாதவர்கள் மத்திய அரசின் தொழில்பழகுநர் பயிற்சித் திட்டமான நேட்ஸ் அப்ரண்டிஸ் தளத்தையும் விடாதீர்கள். கடைசித் தேதியன்று பதிவைத் தொடங்காதீர்கள். ஆதாரில் இருக்கும் மொபைல் எண் பழசாக இருந்தால் ஓடிபி வராமல் அங்கேயே நின்றுவிடும். உதவித்தொகையில் அரசின் பங்கு ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு வரும். கேஒய்சிக்கு ஆதார் கொடுத்தது மட்டும் போதாது, நேரடி மானியத்துக்கான இணைப்பு தனி. எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை மை ஆதார் தளத்தில் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு கணக்குதான் இணைந்திருக்கும், கடைசியாக இணைத்ததே நிற்கும்.

எனக்கு வந்த அழைப்பு, ஒரு கம்பெனியின் சொந்தப் பக்கத்தில் போட்டதற்கு. டிராயிங் டெஸ்ட், இன்டர்வியூ எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. ஆதார், பான், ஆஃபர் லெட்டர் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருந்ததைப் பார்த்தபோதுதான் மூச்சு விட்டேன்.