காலாங் களிமண்ணுக்கு அடியில்

மே 6, 2025, செவ்வாய்

சிங்கப்பூரின் காலாங் பகுதியில் களிமண் எவ்வளவு ஆழம் என்று வரைபடம் போடுகிறோம். அதற்காக நேற்றிரவு கடைசி எம்ஆர்டி ரயில் போகும்வரை காத்திருந்துவிட்டுக் காலாங் ஆற்றோரத்தில் கருவியை வைத்தோம். கையடக்கமான நில அதிர்வுமானி. மேல்கீழாக ஒன்று, கிடைமட்டத்தில் இரண்டு என மூன்று திசைகளில் தரையின் நடுக்கத்தைப் பதிவு செய்யும். வெடி வைக்கத் தேவையில்லை. தூரத்துப் போக்குவரத்தாலும் கடலலையாலும் தரை எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கிடைமட்ட நடுக்கத்தைச் செங்குத்து நடுக்கத்தால் வகுத்தால், மென்மையான மண் எந்த அதிர்வெண்ணில் அதிகம் ஆடுகிறது என்பது தெரியும். ஜப்பானின் நாகமுரா 1989இல் பரவலாக்கிய வழி இது. ஓசையடங்காத நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

ஆற்றோரத்தில் உச்சம் 1.1 ஹெர்ட்ஸ். கேலாங் பக்கம் தள்ளிப் போனால் 2.4. அதிர்வெண் குறையக் குறைய மண் ஆழம்.

மே 8, வியாழன்

அதிர்வெண் மட்டும் ஆழத்தைச் சொல்லாது, மண்ணைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு போகும் குறுக்கலையின் வேகமும் வேண்டும். அதனால் இன்று பக்கத்துத் தளத்தில் துளை போடும் இடத்துக்குப் போனேன். ரிக்கில் நின்ற மன்னார்குடி அண்ணன், "சுத்தியல் அடிக்கவே வேணாம் தம்பி, ராடு தன் எடையிலேயே இறங்குது" என்றார். எடுத்த மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பச்சை கலந்த சாம்பல் நிறம், நடுவில் சிப்பித் துண்டுகள், அழுத்தினால் விரல் அப்படியே உள்ளே போகிறது. கடல் களிமண். நடுவில் கொஞ்சம் இறுகிய, செம்மை படிந்த ஓர் அடுக்கு, அதன் கீழே மறுபடியும் களிமண். கடல் பின்வாங்கியிருந்த காலத்தில் வெயிலில் காய்ந்த பழைய தரைதான் அந்த நடு அடுக்கு.

கெட்டியான மண் 26 மீட்டரில் வந்தது. அதிர்வெண்ணையும் ஆழத்தையும் பெருக்கி நான்கு மடங்காக்கினால் வேகம் என்பது சூத்திரம். நான்கு, 1.1, 26 மூன்றையும் பெருக்கினால் வேகம் நொடிக்குச் சுமார் 114 மீட்டர். அதே வேகத்தைக் கேலாங் பக்கம் போட்டால் அங்கே ஆழம் 12 மீட்டர்தான்.

மே 13, செவ்வாய்

இந்த ஆழ வித்தியாசம் எங்கிருந்து வந்தது? சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல் இப்போதைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. இப்படிக் கடல் தாழ்ந்த காலங்களில் ஆறுகள் பழைய வண்டல் மண்ணை ஆழமாக அறுத்துப் பள்ளத்தாக்குகள் செய்தன. கடல் திரும்பும்போதெல்லாம் அவற்றைக் களிமண் நிரப்பியது. மேலே நடந்தால் எல்லாம் சமதரை.

2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் ஹைவேயில் சுரங்கப்பாதைக்கான பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தது இந்தக் களிமண்ணில்தான். களிமண்ணின் வலுவைக் கூடுதலாகக் கணக்கிட்டதும், தாங்கு சட்டங்களின் இணைப்புப் பிழையும் விசாரணையில் வெளிவந்தன. அந்தச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் வரைபடத்தை யார் நம்பி இறங்குவார்கள் என்ற நினைப்பு வருகிறது.

மே 15, வியாழன்

வரைபடம் போடும் வேலை. புள்ளிகளை மென்பொருளில் கொடுத்தால் ஒரு நொடியில் வழுவழுப்பான வண்ணப்படம் வந்துவிடுகிறது. கூட வேலை செய்யும் தம்பிக்கு அது பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்குகள் குறுகலானவை, பக்கங்கள் செங்குத்து. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒன்று ஒளிந்திருந்தால் மென்பொருள் அதன்மேல் சமமாக வண்ணம் பூசிவிடும்.

அப்புறம், ஒரு புள்ளியில் உச்சம் கூராக இல்லாமல் அகலமாகப் படுத்திருந்தது. மோசமான பதிவு என்று தூக்கிப்போடச் சொன்னார் தம்பி. காற்றும் இல்லை, வண்டியும் இல்லை, பதிவு சுத்தம். நம் சூத்திரம் அடுக்குகள் மட்டமாக இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அடித்தளம் சரிந்திருந்தால் உச்சம் இப்படித்தான் பரவும். பள்ளத்தாக்கின் சுவர் அங்கே இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

சரி, அந்த இடத்தில் வண்ணம் வேண்டாம் என்று முடிவு. வெள்ளையாக விட்டு, அளந்த புள்ளிகளை மட்டும் காட்டுகிறோம். அங்கே ஒரு துளை கேட்டு மாலையில் எழுதியாயிற்று. மழை இல்லாவிட்டால் நாளை இரவு அந்த இடைவெளியில் 20 மீட்டருக்கு ஒன்றாகக் கருவிகளை வைக்கிறோம்.