165/80 ஆர்14: டயர் அளவை வாசிக்கக் கற்றுக்கொண்ட விதம்

கம்பத்தில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு குமுளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். லோயர் கேம்ப் தாண்டி மலையேறும் சாலையில், ஐந்து பேர் அமர்ந்திருந்த காரை ஒரு கொண்டை ஊசி வளைவில் முழுவதுமாக ஒடித்துத் திருப்பியபோது, முன் சக்கரத்திலிருந்து ‘கர்ர்’ என்று நீளமாக ஓர் உராய்வுச் சத்தம் வந்தது. அடுத்த வளைவில் மறுபக்கத்திலும் அதே சத்தம் கேட்டது. ஓரமாக நிறுத்தி, கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். சக்கரத்தைச் சுற்றி மட்கார்டுக்குள் வளைந்திருக்கும் பிளாஸ்டிக் உறை, பம்பரை ஒட்டிய இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. தொட்ட விரலில் கரித்தூள் ஒட்டியது.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்புதான் புதிய அலாய் ரிம்களும் அகலமான டயர்களும் மாட்டியிருந்தோம். என் மைத்துனர் அறிமுகப்படுத்திய கடையில், அகலம் கூடினால் மலைச்சாலையில் பிடிமானமும் கூடும் என்றார்கள், நானும் நம்பினேன். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களை அன்று எனக்கு வாசிக்கத் தெரிந்திருந்தால், கணக்குப் போட்டே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். புதிதாகக் கார் வாங்கியவர்கள் அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் வண்டி 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டின் தொடக்க நிலை வகை. அதற்கு நிறுவனம் கொடுத்த அளவு 165/80 ஆர்14. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்து வரும் 80 மில்லிமீட்டர் அல்ல, விழுக்காடு. அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு பக்கச்சுவரின் உயரம், அதாவது 132 மி.மீ. ‘ஆர்’ என்பது ரேடியல் டயர், அதாவது உள்ளிழைகள் டயருக்குக் குறுக்காக ஓடும் வகை, என்பதைக் குறிக்கிறது. பலர் நினைப்பதுபோல் அது ரிம்மையோ ஆரத்தையோ குறிப்பதில்லை. கடைசியில் உள்ள 14 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று அளவுமுறைகள் கலந்து கிடப்பதால்தான் முதன்முறை பார்ப்பவருக்கு அது குழப்பமாக இருக்கிறது.

இவற்றைச் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த உயரம் கிடைக்கும். 14 அங்குலம் 355.6 மி.மீ.; அதனுடன் மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர், 264 மி.மீ. மொத்தம் 619.6. இதே காரின் உயர்நிலை வகைக்குக் கொடுக்கப்பட்ட 185/65 ஆர்15-ஐ இப்படியே கணக்கிட்டால் 621.5 வருகிறது. ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் பக்கச்சுவர் குட்டையாகிவிடுவதால் மொத்த உயரம் ஏறக்குறைய மாறவே இல்லை. எங்களுக்கு மாட்டப்பட்டதோ 205/65 ஆர்15, அதாவது 647.5 மி.மீ. அகலத்தில் 40 மி.மீ. கூடியதை மட்டும் கண்டேன். உயரத்தில் கூடிய 28 மி.மீ. என் கண்ணில் படவில்லை.

உயரம் கூடினால் ஒரு சுற்றுக்குச் சக்கரம் கடக்கும் தொலைவும் கூடுகிறது. எங்கள் வண்டியில் அது நான்கரை விழுக்காடு. வேகமானி பழைய சக்கரத்தின் கணக்கிலேயே காட்டுவதால், முன்பு 80-ஐச் சரியாகக் காட்டிய முள் இப்போது 80-இல் நிற்கும்போது, வண்டி 83-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். மலையேற்றத்தில் இரண்டாவது கியரில் வண்டி திணறியதற்கும் இது ஒரு காரணம். மொத்த உயரத்தின் வித்தியாசம் மூன்று விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இத்தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு.

மறுநாள் வண்டிப்பெரியாறில் டயர் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். “ரிம்மு இஞ்சைப் பாத்து வாங்காதீங்க தம்பி, மொத்த உயரத்தப் பாருங்க, அப்புறம் ஆஃப்செட்டப் பாருங்க” என்றார். சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் உட்புறம் அச்சாகியிருந்த இ.டி. 35 என்ற எழுத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் அச்சு முனையான ஹப்பில் ரிம் போய் ஒட்டும் தளம், ரிம் அகலத்தின் நட்டநடுக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட், அதுவே அந்த எண். அது குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். ஒரே அகலமுள்ள இரு ரிம்களில் 45-க்குப் பதில் 35 மாட்டினால் சரியாக 10 மி.மீ. வெளியே வரும். அப்படி வெளியே வந்த சக்கரம், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது இன்னும் பெரிய வளைவில் சுழல்கிறது. நேர்ச்சாலையில் சத்தமே வராததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நான்கு ஓட்டைகளும் பொருந்தியதால் ரிம்மும் பொருந்தியது என்று நினைத்திருந்தேன். 4×100 என்ற பி.சி.டி., நான்கு போல்ட்டுகள் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருப்பதை மட்டுமே சொல்லும். ரிம்மின் நடு ஓட்டை ஹப்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும். எங்கள் ஹப் 54.1 மி.மீ.; வெளியில் விற்கும் ரிம்களில் பல, எல்லா வண்டிக்கும் ஆகும்படி 73.1 மி.மீ. ஓட்டையுடன் வருகின்றன. இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாமல் மாட்டினால் வேகத்தில் ஸ்டியரிங் அதிரலாம். எங்கள் ரிம்களில் அந்த வளையம் இல்லை.

அளவுக்குப் பின்னால் வரும் 88எச் போன்ற குறியையும் விட்டுவிடக் கூடாது. 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். 82 என்றால் 475 கிலோதான். எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரையிலான வேகத் தகுதி. ஏலக்காய் மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கும் எங்கள் ஊரில், நிறுவனம் கொடுத்ததைவிடக் குறைந்த எடைக் குறியுள்ள டயரை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். சரியான அளவும் காற்றழுத்தமும் பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

205 டயர்களையும் அந்த ரிம்களையும் நட்டத்துக்கு விற்றுவிட்டு, உயர்நிலை வகைக்கு உரிய ரிம்களில் 185/65 ஆர்15 மாட்டினோம். அதே லோயர் கேம்ப் சாலையில் அதே ஐந்து பேருடன் ஏறிப் பார்த்தேன். எந்த வளைவிலும் உராயவில்லை. ஸ்டெப்னியாகப் பழைய 14 அங்குலச் சக்கரமே இருக்கிறது. உயர வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லாததால் அவசரத்துக்குப் பஞ்சர் கடை வரை ஓட்ட அது போதும். ஆனால் அதன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் 0618, அதாவது 2018-இன் ஆறாவது வாரத்தில் செய்தது. தரையில் படும் பட்டன் தேயவே இல்லை என்றாலும் ரப்பரில் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன. அடுத்த மழைக்கு முன் அதையும் மாற்ற வேண்டும்.